உடையவிடாத குற்றம்

மார்ச் மாதம் பதினேழாம் நாள் காலை, அட்டை ஆலையின் கூட்ட அறையில், பராமரிப்புப் பொறியாளராகிய சின்னக்காவின் மீது ஒரு குறை சாட்டப்பட்டது. அவள் பொறுப்பேற்ற பின்னர் ஆலையில் ஓர் இயந்திரம்கூட உடையவில்லை என்பதே அக்குறை.

அவளுடைய தம்பி அதே ஆலையில் வேலை பார்த்தான். அவன் அழைத்ததைக் கேட்டுக் கேட்டு, மேலாளர் முதல் வாயிற்காவலர் வரை அனைவருக்கும் அவள் சின்னக்கா ஆகியிருந்தாள். பெரியக்கா வீட்டில் இருந்தாள். பெரியக்காவின் கணவர்தாம் ஆலையின் மேலாளர்.

ஓராண்டுக்கு முன் தலைமை அலுவலகம் ஒவ்வோர் இயந்திரத்தின் தோளிலும் தீப்பெட்டி அளவிலான சென்சார் ஒன்றை ஒட்டச் செய்திருந்தது. அது இயந்திரத்தின் அதிர்வையும் சூட்டையும் இடைவிடாமல் உணர்ந்து கணினிக்கு அனுப்பும். சுழலும் தண்டைத் தாங்கும் குண்டு வளையமாகிய பேரிங்குகளுள் எது எப்போது உடையும் என்பதைக் கணினி முன்கூட்டியே சொல்லும். திரையில் அந்த இயந்திரத்தின் பெயர் சிவக்கும். சின்னக்கா அகமகிழ்ந்து போனாள். பெயர் சிவந்ததும் உணவு இடைவேளையில் இயந்திரத்தை நிறுத்திப் பழைய பேரிங்கைக் கழற்றிப் புதியதை மாட்டுவாள், சிவப்பு பச்சையாகும். இதற்காகத்தான் இத்தனை ஏற்பாடும் என்று அவள் நம்பியிருந்தாள்.

தலைமை அலுவலகத்தின் நம்பிக்கை வேறு. கணினியின் வாக்கு எவ்வளவு பலிக்கிறது என்று அளந்து வர ஓர் அதிகாரியை அது அனுப்பி வைத்தது. சதவீதம் என்ற சொல் இன்றி இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேச அவருக்கு வராது. ஆகவே வந்த அன்றே தொழிலாளர்கள் அவருக்குச் சதவீதம் என்று பெயரிட்டுவிட்டனர். அவருடைய கணக்கில் வளைவு நெளிவு கிடையாது. உடையும் என்று கணினி சொன்னது. உடைந்ததா? இல்லை. எனவே கணினி சொன்னது தவறு. இந்த ஆலையில் அது சொன்னதெல்லாம் தவறு, துல்லியம் பூச்சியம்.

ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கிளை ஆலையிலோ துல்லியம் தொண்ணூற்று நான்கு. அங்கிருந்த பராமரிப்புத் தலைவர் சிவப்பும் பல நிறங்களுள் ஒன்று என்று கருதும் பரந்த மனத்தர். திரை சிவக்கும்போது கால்மேல் கால் போட்டுத் தேநீர் அருந்துவார். இயந்திரங்கள், கணினி சொன்ன வாக்குத் தவறாமல், உரிய நாளில் நொறுங்கின. அவருக்குக் கேடயம் வழங்கப்பட்டது.

சின்னக்கா, தான் கழற்றி வைத்திருந்த பழைய பேரிங்குகளை மேசையில் பரப்பினாள். எலி கொறித்தாற்போல் குழி விழுந்த எஃகுக் குண்டுகள். விளிம்பு பெயர்ந்த வளையங்கள். சதவீதம் அவற்றுள் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நூறு சதவீதம் தேய்மானம் மேடம். உடைஞ்சது எங்க?"

"உடையறதுக்கு முன்னாடியே கழட்டிட்டா எப்படி சார் உடைஞ்சிருக்கும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அறை முழுவதும் தலையசைத்தது. வீட்டில் மனைவிக்கும் ஆலையில் தலைமை அலுவலகத்துக்கும் அஞ்சியே வாழ்க்கையில் உயர்ந்தவராகிய மேலாளர், தம் முன்னிருந்த தாளில் கட்டம் வரைந்துகொண்டிருந்தார். மைத்துனியை நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்து எந்த இயந்திரம் சிவந்தாலும் அதில் யாரும் கை வைக்கக்கூடாது, அதன் போக்கில் விட்டுவிட வேண்டும் என்ற ஆணையோடு கூட்டம் கலைந்தது.

அடுத்துச் சிவந்தது உலர்த்தும் பிரிவின் பெரிய விசிறி.

ஆள் உயர விசிறி அது. ஈர அட்டைகளின் மேல் வெங்காற்றைப் பாய்ச்சுவது. அதிலிருந்து கையெட்டும் தூரத்தில் அட்டை வெட்டும் மேசை. மேசையின் முன் நின்று வேலை செய்பவன் தம்பி. பேரிங் உடைந்தால் விசிறியின் தண்டு வளையும். இறக்கை கூட்டைப் பிளந்துகொண்டு வெளியேறும். எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்லும் கணினி இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் என்று நேரத்தை மட்டும் இருக்கிற கணினி குறித்துக் கொடுத்திருந்தது.

நால்வரும் ஒரே வீட்டில், கீழும் மேலுமாகக் குடியிருந்தனர். இரவு உணவு ஒரே மேசையில். செய்தியைச் சின்னக்கா சொல்லி முடித்தபோது பெரியக்காவின் கரண்டி பாத்திரத்துக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது.

"ஒரே ஒரு தடவை உடையட்டும்மா," என்றார் மேலாளர், கெஞ்சும் குரலில். "பூஜ்யத்தை வெச்சுக்கிட்டு நான் எப்படித் தலை நிமிர்றது? அதுக்கப்புறம் உன் இஷ்டம்."

தம்பி தன் இரண்டு கைகளையும் விளக்கொளியில் நீட்டினான். "அத்தான், இதுல ஒண்ணு போனா எத்தனை சதவீதம்?"

பெரியக்கா கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் மேலாளருக்கு மனப்பாடம்; உடனே வழி பிறந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் தம்பியைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு, மேசைக்கு வேறோர் ஆளைப் போட்டுவிடலாம் என்றார். பெரியக்காவின் கரண்டி மீண்டும் நகர்ந்தது.

"யாரை?" என்றாள் சின்னக்கா.

"யாரையாச்சும்."

"நான் போகல அத்தான்," என்றான் தம்பி, தட்டிலிருந்து கண்ணெடுக்காமல். "அந்த யாராச்சுக்கும் வீட்டுல ரெண்டு அக்கா இருப்பாங்க."

அதன்பின் அவன் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை உலர்த்தும் பிரிவு கல்யாண வீடு போல் ஆயிற்று. தலைமை அலுவலகத்தார் அறுவர் தடித்த கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நாற்காலியில் அமர்ந்தனர். எல்லோர் தலையிலும் புத்தம் புதிய தலைக்கவசம். படம் பிடிப்பவர் ஒளியைச் சரிபார்த்தார். நூறு சதவீதம் என்று எழுதிய துணிப்பதாகை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. தடுப்புக்கு இப்பால், சுவரோரம் சின்னக்கா நிற்க, தம்பி வழக்கம் போல் அட்டை வெட்டிக்கொண்டிருந்தான். அவனையும் அப்பால் நிறுத்தலாமே என்று மேலாளர் மென்று விழுங்கிக் கேட்டதற்கு, உற்பத்தி இயல்பாக நடந்தால்தான் முடிவு செல்லும் என்று சதவீதம் மறுத்துவிட்டார். உடையும் என்று தெரிந்தும் யாரும் தொடக்கூடாத பொருளாக விசிறி சுழன்றது.

பதினோரு மணிக்கு மேல் அதன் குரல் மாறியது. முனகல் அரைக்கும் ஓசையாயிற்று. கருகிய கிரீஸின் நாற்றம் எழுந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஆவல் பெருகி, இருவர் எழுந்தே நின்றனர். பதாகையின் ஒரு முனை அவிழ்க்கப்பட்டது. மேசை நடுங்கவே, தம்பியின் கத்தி கோட்டை விட்டு விலகியது. அவன் திரும்பிச் சின்னக்காவைப் பார்த்தான். அவன் முகத்தில் அன்று வேடிக்கை இல்லை.

அவள் நான்கே எட்டில் நடந்து சென்று சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

விசிறி பெருமூச்சு விட்டு நின்றது. சூடு தணிந்ததும் அவள் உறையைத் திறந்தாள். வளையம் இரண்டாகப் பிளந்திருந்தது. குண்டுகள் நீலம் பாரித்து உருக்குலைந்திருந்தன. அவற்றை அள்ளி ஒரு தகரத் தட்டில் வைத்துத் தடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய் நீட்டினாள். சதவீதம் தட்டைப் பார்க்கவில்லை; சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். நண்பகலுக்கு இன்னும் நேரம் இருந்தது. விசிறி உடையவில்லை, நிறுத்தப்பட்டிருக்கிறது. ஆகவே இதுவும் பூச்சியமே என்று அறிவித்தார். படம் பிடிப்பவர் வெறுங்கையோடு திரும்ப மனமின்றி அறுவரையும் தலைக்கவசத்தோடு படம் எடுத்தார்.

"ஒரு அஞ்சு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதாம்மா?" என்றார் மேலாளர். கேட்ட பின் தம்பியின் பக்கம் அவர் பார்வை போயிற்று.

மறுவாரமே சின்னக்கா பராமரிப்பிலிருந்து விலக்கப்பட்டாள். கிடங்கின் விளக்குகளையும் குழாய்களையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவளுக்கு அளிக்கப்பட்டது. அவளுடைய இடத்துக்கு அக்கரை ஆலையின் தலைவர் கேடயத்தோடு வந்து சேர்ந்தார். கால்மேல் கால் போடுவதற்கு வசதியாக மேசையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டார். தம்பி இப்போதும் அதே விசிறியின் அருகில்தான் நிற்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டின் தண்ணீர் மோட்டார் கரகரவென்று ஒலித்தது. அதை ஒரு பார்வை பார்க்கும்படி மேலாளர் மாடிப்படியில் நின்று மைத்துனியை அழைத்தார்.

"உடையட்டும் அத்தான்," என்று மேலிருந்து பதில் வந்தது. "அப்பத்தானே அந்தச் சத்தம் நெஜம்னு தெரியும்."

பெரியக்கா அடுப்படியிலிருந்து சிரித்தாள். மேலாளர் சிரிக்கவில்லை, தலையில் எண்ணெய் தேய்த்த கோலத்தில், குளிக்கத் தண்ணீர் இருக்குமா என்ற கவலையோடு நின்றார்.

இதைப் படித்துச் சிரித்துவிட்டு மடித்து வைக்கும் வாசகரே, உம்மிடமும் ஒரு வார்த்தை. உலர்த்தும் பிரிவின் திரை நேற்று மீண்டும் சிவந்திருக்கிறது. உம்முடைய பணியிடத்திலும் இத்தகைய சதவீதம் ஒன்று சட்டம் போட்டுச் சுவரில் தொங்கக்கூடும். நாளைக் காலை அதன் முன்னே போய் நில்லும். அந்த எண் உயர்வதற்காக யாரை எந்த இயந்திரத்தின் அருகில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று, அதை மாட்டியவரிடம், அனைவர் காதிலும் விழும்படி கேளும். விடை வரும்வரை அவ்விடத்தை விட்டு நகராதீர்.