கிழக்குச் சுவர்

கெர்லிண்டெ குளியல் துண்டை நீளவாக்கில் சுருட்டி ஜன்னல் சட்டத்தின் அடியில் திணித்துக்கொண்டிருந்தாள். பழைய மரச்சட்டம். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் பிதுங்கியது. வெளியே, தோட்டத்து ஆப்பிள் மரங்களுக்கு மேலே, குன்றின் உச்சியில் கோட்டையின் கிழக்குச் சுவர் சாரம் கட்டி நின்றது. உளிச் சத்தம் அங்கிருந்து காற்றோடு இறங்கி வந்தது. நாலைந்து அடி, சற்று ஓய்வு, பிறகு உடைந்த துண்டுகள் தகரச் சரிவில் உருளும் ஓசை.

"குளிருதா என்ன?" என்று கேட்டாள் ரோஸ்விதா. பக்கத்து வீட்டுக்காரி. சூப்புப் பாத்திரத்தை இரண்டு கைகளாலும் பிடித்தபடி அறை வாசலில் நின்றிருந்தாள்.

"காத்து வருது."

"காத்து வருதா, சத்தம் வருதா?"

கெர்லிண்டெ துண்டை இன்னும் உள்ளே தள்ளினாள். கட்டிலில் அப்பா ஆல்பன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். மாடியேற முடியாமல் போனதிலிருந்து அவருடைய கட்டில் இந்த முன்னறைக்கு வந்திருந்தது. கோட்டை தெரிய வேண்டும் என்று ஜன்னலைப் பார்த்துப் போடச் சொன்னதும் அவர்தான். காலையில் வந்த நர்ஸ், மருந்துச் சொட்டுகளைக் கொடுத்து முடித்துவிட்டு, மேலங்கியை மாட்டிக்கொள்ளும்போது கெர்லிண்டெயின் கையைப் பிடித்து, "தம்பி வெளியூர் எங்கயும் போக வேண்டாம்னு சொல்லுங்க" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

தம்பி வெளியூரில் இல்லை. மேலே கோட்டையில்தான் இருந்தான். வெண்டலின்தான் கோட்டையைப் பராமரிக்கும் ஊர்ச் சங்கத்தின் தலைவன். அவன் கையெழுத்துப் போட்டுத்தான் அந்த உளிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

அந்தக் கிழக்குச் சுவரை ஒரு காலத்தில் ஊர்க்காரர்கள்தான் நிமிர்த்தி வைத்தார்கள். பாதை கிடையாது. சிமெண்டு மூட்டைகளை முதுகில் சுமந்து குன்றேறினார்கள். எல்லாருக்கும் முன்னால் ஆல்பன். சனிக்கிழமை என்றால் வீட்டில் அவரைத் தேட வேண்டியதில்லை. போன வருடம் கோடைத் திருவிழாவின்போது அந்தச் சுவரிலிருந்து ரொட்டி அளவுக்கு ஒரு கல் பெயர்ந்து பியர் மேசைக்குப் பக்கத்தில் விழுந்தது. மியூனிக்கிலிருந்து பழங்கட்டட வல்லுநர் ஒருவர் வந்து பார்த்தார். சிமெண்டு தண்ணீரை வெளியே விடாது; உள்ளே தங்கிய ஈரம் பனிக்காலத்தில் உறைந்து, மணற்கல்லைப் பொடியாக்குகிறது; கெட்டியாக நிற்பது சிமெண்டு, சாவது கல் என்றார். இடுக்குகளில் இருக்கும் சிமெண்டு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூச வேண்டும்.

அப்பாவிடம் "மராமத்து" என்று சொல்லி வைத்தார்கள். அக்காவும் தம்பியும் சண்டையில்லாமல் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். ஆனால் உளி இறங்க ஆரம்பித்த நாளிலிருந்து வெண்டலின் முன்னறைக்குள் வரவில்லை. பின்வாசல் வழியாகச் சமையலறைக்கு வருவான். நின்றபடியே காப்பி குடிப்பான். "எப்படி இருக்காரு?" என்பான். போய்விடுவான்.

"என்ன குசுகுசுன்னு?" என்றார் ஆல்பன். கண் திறக்கவில்லை.

"ஒண்ணுமில்லப்பா. வாய் காஞ்சிருக்கா?"

அவள் பஞ்சுக்குச்சியை ஆப்பிள் சாற்றில் நனைத்து அவர் உதட்டில் வைத்தாள். அவர் முகத்தைச் சுளித்தார்.

"இது என்ன, ஞானஸ்நானத்துக்கா வந்திருக்கேன்? பியர்ல நனை."

"சாகப் போறப்பகூட வாய் அடங்குதா பாரு" என்றாள் ரோஸ்விதா. சொல்லிவிட்டு, தானே போய்க் குளிர்பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்து திறந்தாள். பஞ்சை அவர் சப்பினார். இன்னொரு தடவை நனைக்கச் சொன்னார்.

"வெண்டலின் எங்க?"

"மேல இருக்கான்."

"எப்பப் பாரு மேல. உங்கம்மா என்னைத் திட்டினதெல்லாம் அவனுக்குத்தான் போய்ச் சேரணும்."

அப்போது மேலே மின்சுத்தியலைப் போட்டார்கள். துண்டுக்கும் சட்டத்துக்கும் அடங்காத சத்தம். பாட்டிலுக்குள் பியர் நடுங்கியது. கெர்லிண்டெ சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போன் செய்தாள்.

"நிறுத்தச் சொல்லுடா."

"அக்கா, வானிலை கேட்டியா? வாரக் கடைசியில பனி வருது. சுண்ணாம்பு இறுகறதுக்குள்ள உறைஞ்சா அத்தனையும் பொரிஞ்சு கொட்டிடும்."

"இன்னிக்கு ஒரு நாள். அவரு அதைக் கேட்டுக்கிட்டே படுத்திருக்காரு. தன் சுவரை உடைக்கிறதக் கேட்டுக்கிட்டே போகணுமா மனுஷன்?"

"சரி" என்றான்.

"நீ வா."

"வர்றேன்" என்றான். எப்போது என்று சொல்லவில்லை.

சத்தம் நின்றது. கோபுரத்துக் காகங்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உட்கார்ந்தன. கெர்லிண்டெ முன்னறைக்குத் திரும்பிக் கட்டிலருகே உட்கார்ந்தாள். இப்போதாவது நிம்மதியாகத் தூங்குவார் என்று நினைத்தாள். அவர் கண் திறந்திருந்தார். போர்வை ஓரத்தை விரல்கள் பிடித்துப் பிடித்து இழுத்தன.

"ஏன் நிறுத்திட்டாங்க?"

"சாப்பாட்டு நேரம்பா."

"அது முடிஞ்சு போச்சு. கொத்தனார் என்ன ராஜாவா, நாள் பூராச் சாப்பிட?" சற்று மூச்சு வாங்கினார். "எவனாவது விழுந்துட்டானா?"

"யாரும் விழல."

"சாரத்துல மேல் பலகை வழுக்கும். காலையில ஈரமா இருக்கும். போன் பண்ணிக் கேளு."

"யாரும் விழலப்பா. தூங்குங்க."

"என் பூட்ஸ் எங்க?"

போர்வையைத் தள்ளினார். குச்சி போன்ற கால் ஒன்று கட்டிலுக்கு வெளியே வந்து, தரையைத் தேடியது. அவள் தோளைப் பிடித்தாள். அந்த உடம்பில் இன்னும் இவ்வளவு பலம் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ரோஸ்விதா ஓடி வந்து காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். "படு ஆல்பன், படு. பூட்ஸாம் பூட்ஸ்!"

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றாள் கெர்லிண்டெ.

"எதுக்கு?"

"உங்களுக்குத் தொந்தரவா இருக்கும்னு."

அவர் அவளையே பார்த்தார். பிறகு தலையணையில் சாய்ந்தார்.

"கல்லுல உளி பட்டா கணீர்னு கேக்கும். சிமெண்டுல பட்டா செத்த சத்தம். எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?"

ரோஸ்விதா யாரும் குடிக்காத சூப்பை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் சமையலறைக்குப் போனாள்.

"எப்பலருந்துப்பா தெரியும்?"

"கட்டி முடிச்சு ரெண்டாம் பனிக்காலம் போனதும். சுவரடியில மாவு மாதிரி கொட்டிக் கிடந்தது. சிவப்பா. கல்லு மாவு." நாக்கால் உதட்டைத் தடவினார். அவள் பஞ்சை நனைத்து வைத்தாள். "வெளக்குமாறு எடுத்துட்டுப் போவேன். சனிக்கிழமை மத்தவங்க வர்றதுக்கு முன்னாடி கூட்டி அள்ளி, பள்ளத்துல கொட்டிடுவேன்."

"ஒவ்வொரு வாரமுமா?"

"பனி உருகுற காலத்துல ஒவ்வொரு வாரமும்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாருகிட்ட? எல்லாரும் முதுகு ஒடியச் சுமந்தாங்க. கிழவன் ஒட்மாருக்கு அப்போ போன இடுப்பு, இன்னும் நேராகல. அவன்கிட்டப் போய், எல்லாம் தப்பாப் போச்சுடா, நீ சுமந்தது வெஷம்னு சொல்லச் சொல்றியா?"

கெர்லிண்டெ அவருடைய கையைப் பிடித்திருந்தாள். வெளியே ஒரு டிராக்டர் போனது.

"போன் பண்ணு. ஆரம்பிக்கச் சொல்லு."

அவள் கட்டிலோரத்திலிருந்தே போன் செய்தாள். வெண்டலின் எடுத்ததும், "அப்பாவுக்குத் தெரியும்டா" என்றாள். "குடு" என்று அவர் கையை நீட்டினார். அவள் போனை அவர் காதில் வைத்துப் பிடித்தாள்.

"வெண்டலின். பிரிச்ச சுவரைப் பனிக்குத் திறந்து போடாதே. கேக்குதா?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"இன்னொண்ணு. நான் போனா நிறுத்துவாங்க, ஊர் வழக்கம்னு. அதெல்லாம் வேண்டாம். எனக்காக ஒரு சுத்தியலும் நிக்கக் கூடாது. கேக்குதாடா?"

ஊரில் ஒரு சாவு விழுந்தால், அடக்கம் முடியும்வரை கோட்டையில் யாரும் சுத்தியலைத் தொடுவதில்லை. அந்த வழக்கத்தைச் சங்கத்தின் விதியாக எழுதி வைத்ததே ஆல்பன்தான்.

"கேக்குதுப்பா" என்ற குரல் போனிலிருந்து வந்தது. சின்ன வயதுக் குரல் போல இருந்தது.

கொஞ்ச நேரத்தில் உளி மறுபடி கேட்டது. ஆல்பன் கண்களை மூடிக்கொண்டார். போர்வையைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன.

வெண்டலின் இந்த முறை முன்வாசல் வழியாக வந்தான். குன்றிலிருந்து ஓடி வந்திருக்க வேண்டும். தலைமுடி, புருவம், சட்டையெல்லாம் சாம்பல் நிறத் தூசி. அறை வாசலில் நின்று, பூட்ஸைக் கழற்றுவதா வேண்டாமா என்பது போலக் காலைப் பார்த்தான். "அப்படியே வாடா" என்றாள் கெர்லிண்டெ. அவன் வந்து முட்டி போட்டு உட்கார்ந்தான். அப்பாவால் இப்போது பேச முடியவில்லை. மூச்சு வந்தது, நின்றது, நெடுநேரம் கழித்து மறுபடி வந்தது. அவருடைய கை நகர்ந்து வெண்டலினின் சட்டைக் கையைத் தொட்டது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் அங்கிருந்த தூசியைக் கிள்ளியெடுத்து, மெல்லத் தேய்த்துப் பார்த்தன.

"சிமெண்டுதாம்பா" என்றான் வெண்டலின்.

எந்த மூச்சு கடைசி என்று இருவருக்குமே தெரியவில்லை. அடுத்ததற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். உளி அடித்துக்கொண்டிருந்தது. ரோஸ்விதா உள்ளே வந்து பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு, ஜன்னலடித் துண்டை உருவி, ஜன்னல் கதவைத் திறந்து வைத்தாள். ஆன்மா போக வழி வேண்டும். சத்தம் முழுதாக உள்ளே வந்தது.

"போய் நிறுத்தச் சொல்லு வெண்டலின். ஊர்ல பொணம் கிடக்கு."

அவன் அக்காவைப் பார்த்தான்.

"வேண்டாம்" என்றாள் கெர்லிண்டெ.

ஊர் பேசியது. ரொட்டிக் கடையில் அவள் நுழைந்ததும் பேச்சு அடங்கியது. அடக்கத்தன்று காலையிலும் உளி நிற்கவில்லை. குன்றடிக் கல்லறைத் தோட்டத்தில் பாதிரியார் ஜெபத்தை உரக்கப் படிக்க வேண்டியிருந்தது. பழைய சனிக்கிழமைக்காரர்களில் உயிரோடிருந்தவர்கள் சங்கத்தின் பச்சை மேலங்கியில் வந்திருந்தார்கள். மண் போட்டு முடிந்ததும் ஒட்மார், ஒரு பக்கமாகச் சாய்ந்த நடையோடு, வெண்டலினை நெருங்கினார்.

"பெத்தவனைப் புதைக்கிற நேரம்கூட நிறுத்த முடியலையாடா உனக்கு? அவன் கட்டின சுவர்டா அது!"

வெண்டலின் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றான். கெர்லிண்டெ நடுவில் வந்தாள்.

"அவரு சொன்னதுதான் மாமா. பனிக்கு முன்னாடி முடிங்கன்னாரு. தனக்காக நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

"உடைக்கிறாங்கன்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போ தெரிஞ்சது?"

கிழவரின் கண்கள் அவள் முகத்தை விட்டு நகரவில்லை. அவருடைய கை இடுப்பில் ஊன்றியிருந்தது.

"அன்னிக்குத்தான்" என்றாள் கெர்லிண்டெ. "கடைசி நாள்ல. சத்தத்தை வச்சுக் கண்டுபிடிச்சாரு."

ஒட்மார் கோட்டையை நிமிர்ந்து பார்த்தார். "கெட்டிக்காரன்" என்றார். பிறகு வெண்டலினின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மற்றவர்களோடு விடுதியை நோக்கி நடந்தார்.

விடுதியில் காப்பியும் பின்னல் ரொட்டியும் வைத்தார்கள். பிறகு பியர் வந்தது. ரோஸ்விதா பூட்ஸ் கதையைச் சொல்ல, மேசை முழுக்கச் சிரித்தது. கெர்லிண்டெயும் சிரித்தாள். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது தம்பியின் நாற்காலி காலியாக இருந்தது.

அவள் அடக்கத்துக்குப் போட்ட கறுப்புச் செருப்போடே குன்றேறினாள். கொத்தனார்கள் போய்விட்டிருந்தார்கள். வானம் தெளிந்து, குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. சுவரின் மேல்பாதியில் இடுக்கெல்லாம் புதுச் சுண்ணாம்பு, இன்னும் ஈரமாக, வெளிறித் தெரிந்தது. வெண்டலின் கறுப்புக் கோட்டோடு சாரத்தில் நின்று, பனி தாக்காமலிருக்கத் தடித்த சாக்குகளை ஒவ்வொன்றாகச் சுவர்மேல் விரித்துக்கொண்டிருந்தான். ஒரு முனையைக் கட்டினால் மறுமுனை நழுவியது.

"அந்தப் பக்கம் பிடி" என்றான்.

அவள் ஏறிப் போய்ப் பிடித்தாள். சாக்குத் தூசி கைவழியாக முழங்கைக்கு உதிர்ந்தது. இருவரும் சுவரோடு நகர்ந்து நகர்ந்து, அடுத்ததை விரித்தார்கள். கடைசிச் சாக்கின் கீழ் ஓரம் காற்றில் தூக்கிக்கொண்டே இருந்தது. கெர்லிண்டெ குனிந்து, பலகைமேல் கிடந்த ஒரு கல்லை எடுத்து, அதன்மேல் வைத்தாள்.