விபத்து என்று போடச் சொன்ன அம்மா

ஒவ்வொரு நோயாளியின் கோப்பையும் படித்து, அதற்குரிய குறியீட்டு எண்ணைக் கணினியில் ஏற்றுவது மருத்துவமனைப் பதிவறைப் பெண்ணின் வேலை. அன்று வந்த கோப்பில், காயம் தானே ஏற்படுத்திக்கொண்டது என்று டாக்டர் எழுதியிருந்தார். போன முறை அதே நோயாளிக்கு விபத்து என்றே பதிவாகியிருந்தது. எண்ணைப் போடுவதற்குள் நோயாளியின் அம்மா கவுன்டருக்கு வந்துவிட்டாள்.

“இதையும் விபத்துன்னே போட்டுடும்மா. ஒரு நம்பரை மாத்தினா உங்கப்பன் வீட்டுச் சொத்தா கொறையப் போகுது?”

“டாக்டர் எழுதினதைத்தான்மா போட முடியும். இதைப் போட்டாத்தான் ரெண்டு நாள் இங்கேயே வெச்சு, மனநலப் பிரிவுலேருந்து ஆள் வந்து உங்க பொண்ணுகிட்ட பேசுவாங்க. விபத்துன்னா கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

“வீட்டுல நான் கண்கொத்திப் பாம்பா பாத்துக்கறேன்.”

“போன தடவையும் பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?”

கேட்டதும் பதிவறைப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அம்மா கோபப்படவில்லை. கவுன்டர் பலகையின் மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

“மாத்தச் சொல்லி என்னை அனுப்பினதே அவ அப்பாதான். மாத்தலைன்னு அவருக்குத் தெரியவருமா? தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும்.”

“உங்க பொண்ணு மேஜர். அவ சம்மதம் இல்லாம யாருக்கும் காட்ட மாட்டோம்.”

“அப்போ டாக்டர் எழுதினதையே போடு.”

வராந்தாவில் கணவன் எழுந்து வந்தான். “மாத்திட்டாங்களா?”

“மாத்திட்டாங்க. ஆனா ரெண்டு நாள் இங்கேயே இருக்கணுமாம்.”

“விபத்துக்கு எதுக்கு ரெண்டு நாள்?”

“எனக்கென்ன தெரியும்? நான் என்ன டாக்டரா?” என்று சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் மகள் இருந்த வார்டுக்கு நடந்தாள்.