மூன்றாவது வயர்

“இதில ஒரு கையெழுத்து வையுங்கோ.”

பொலிஸ்காரர் நீட்டிய தாளைச் சுவரில் அழுத்திப் பிடித்துச் சரீப் கையெழுத்திட்டார். உள்ளே கிடத்தியிருப்பது தன் தங்கை பர்வின்தான் என்பதற்கான கையெழுத்து. பேனையைத் திருப்பிக் கொடுத்த பிறகும் விரல்கள் பேனை பிடித்தபடியே மடங்கியிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டார்.

காலை எட்டே முக்காலுக்குப் போன் வந்தது. வவுனியா கடைத்தெருவில் பர்வின் ஒன்பது வருடமாக வேலை செய்த புடவைக் கடையிலிருந்து, கூட வேலை செய்யும் மேனுகா எடுத்திருந்தாள். “நானா, பர்வின் அக்காவுக்குக் கரண்ட் அடிச்சிட்டுது” என்றாள். அதற்கு மேல் அவளுக்குக் கதை வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது சரீப்பைப் பிண அறைப் பக்கம் போகச் சொன்னார்கள்.

அங்கே வாங்கில் பர்வினின் மகள் றினோஸா பள்ளிக்கூடச் சீருடையோடு இருந்தாள். பதினேழு வயது. வாப்பா கட்டாரில். சரீப் அவளருகில் போய் இருந்தார். இரண்டு பேரும் அழவில்லை. அவர் கூரையில் இருந்த விளக்குகளை எண்ணினார். பதினொன்று. எல்லாவற்றுக்கும் மூடி இருந்தது. திரும்பவும் எண்ணினார்.

“உம்மாவ எப்ப தருவாங்க, மாமா?”

“முதல்ல விசாரணை. பிறகு டொக்டர் பாக்கோணும். அஸர் தொழுகைக்கு முதல் தந்திருவாங்க.”

“வெட்டுவாங்களா?”

“ஓம்.”

அவள் தலையை ஆட்டினாள். யாரோ பஸ் நேரம் சொன்னதுபோல.

எந்த விளக்கு என்று சரீப் ஒருவரிடமும் கேட்கவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது. கண்ணாடி அலுமாரியின் ஓரத்தில், தோள் உயரத்தில், அலுமினியச் சட்டத்துக்குள் ஓடிய நீள விளக்கு. போன நோன்புப் பெருநாளுக்கு முதல் கடையைப் புதுப்பித்தபோது கொழும்பிலிருந்து வந்த ஆட்கள் அப்படி முப்பத்திரண்டு விளக்குகள் பூட்டினார்கள். புதிய இணைப்பு எடுக்க, வயரிங் எல்லாம் விதிப்படி இருக்கிறது என்று லைசன்ஸ் உள்ள எலெக்ட்ரீசியன் ஒருவர் சோதித்து எழுதிக் கொடுக்க வேண்டும். “எங்கட நானாட்டக் கேளுங்கோ” என்று பர்வின்தான் சொல்லியிருக்கிறாள்.

சரீப் மீற்றரோடு போனார். பிளக்குகளைச் சோதித்தார். எல்லாம் சரி. விளக்குகளின் வயர்கள் பலகைகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டிருந்தன. கைபடக்கூடிய உலோகச் சட்டம் எதற்கும், கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் மூன்றாவது வயர், எர்த், கட்டாயம் போகவேண்டும். தொழில் பழகிய முதல் கிழமையில் அவர் படித்த விதி அது. பலகையைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றார். நாளைக்குக் கடை திறக்கிறோம், போட்டவர்கள் பெரிய ஆட்கள், எர்த் போடாமலா விடுவார்கள் என்றார் மனேஜர். பர்வின் அவருக்குத் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். சரீப் குடித்தார். விளக்குகளுக்கு எர்த் உண்டு என்ற கட்டத்தில் சரி போட்டார்.

பதினொரு மணிபோல அந்த மனேஜர் வந்தார். சரீப்பைத் தனியாகக் கூப்பிட்டுக் கொண்டுபோய் மரத்தடியில் நின்றார். அவருடைய கண்களும் சிவந்துதான் இருந்தன.

“நானா, நடந்தது நடந்திட்டுது. அவா எங்களுக்கும் சொந்தச் சகோதரம் மாதிரி.”

மனேஜர் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

“ஒரு விசயம் சொல்லோணும். அந்த ட்ரிப் சுவிச் சும்மா சும்மா விழுந்துகொண்டே இருந்தது. சனம் நிக்கேக்க கடை இருட்டாப் போயிரும். அதால போன மாசம் ட்ரிப்பை விட்டுட்டு கரண்டை நேர குடுத்திட்டம்.”

ட்ரிப் சுவிச் சும்மா விழாது. எங்கேயோ கரண்ட் கசிந்திருக்கிறது, அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. சரீப்புக்கு இது கணக்குப்போல மனதில் ஓடியது. கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

“அதை நீங்க கதைக்காதீங்கோ. உங்கட றிப்போட்டைப் பற்றி நாங்களும் கதைக்க மாட்டம். ஈரக் கையோட தொட்டவா எண்டா விசாரணை சுருக்கா முடிஞ்சிரும். இல்லாட்டி இழுபடும், நானா. ஜனாஸா அடக்கம் நாளைக்குப் போயிரும்.”

சரீப் “ம்” என்றார். அது ஓம் என்பதா இல்லை என்பதா என்று அவருக்கே தெரியவில்லை.

திடீர் மரண விசாரணை அதிகாரி நரைத்த மனிதர். சின்ன அறையில் மேசைக்குப் பின்னால் இருந்து, முதலில் மேனுகாவைக் கேட்டார். கடை கழுவி நிலம் காயமுதல் பர்வின் அக்கா கண்ணாடி துடைத்தவா, கத்தவே இல்லை, கை விளக்கோடு ஒட்டிப்போய் நின்றவா, தான் ஓடிப்போய் மெயினை நிற்பாட்டிய பிறகுதான் விழுந்தவா என்று மேனுகா சொன்னாள். சொல்லும்போது தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க தமையனோ? உங்களுக்கு இதில சந்தேகம் ஏதும் இருக்கோ?”

“இல்லை” என்றார் சரீப்.

மனேஜர் கதவோரத்தில் மூச்சு விட்டார். அதிகாரி எழுதினார். எழுதி முடித்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

“ஈரமான கைகளுடன் கவனக்குறைவாக மின்விளக்கைத் தொட்டமையினால்…”

தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது, முல்லைத்தீவை விட்டு வரும் வழியில் நாலு வயதுப் பர்வின் சரீப்பின் தோளில் இருந்தாள். இறக்கிவிட்ட இடத்தை விட்டு அசையாமல், தொடாதே என்றதைத் தொடாமல், சொன்னபடி நிற்கும் பிள்ளை. வீட்டிலும் அப்படித்தான். சுவிச்சைத் தொட முதல் கையைச் சீலையில் இரண்டு தரம் துடைப்பாள்.

“அப்பிடி எழுதாதீங்கோ” என்றார்.

அதிகாரி நிமிர்ந்தார்.

“அவா கவனக்குறைவில்லை. அந்த லைட்டுக்கு எர்த் இல்லை. ட்ரிப்பையும் விட்டுட்டு நேர குடுத்திருக்கினம்.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“எர்த் இருக்கெண்டு எழுதிக் குடுத்தது நான். கழற்றிப் பாக்கேல்லை.”

கதவு திறந்துதான் இருந்தது. வெளியே வாங்கில் இருந்த றினோஸா திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. தெரியாத ஒரு ஆளை, எங்கேயோ கண்டதுபோல இருக்கிறதே என்று பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு முன்னால் திரும்பிக்கொண்டாள்.

அதிகாரி எழுதிய தாளைக் கிழிக்கவில்லை. அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டு மேலே புதிதாக எழுதினார். கடையைப் பூட்டச் சொல்லிப் பொலிசுக்குச் சொன்னார். விளக்குகளைச் சோதிக்க எஞ்சினியர் வருவார் என்றார். சரீப் நாளைக்கு லைசன்ஸோடு பொலிஸ் நிலையத்துக்கு வரவேண்டும். மனேஜர் பயமுறுத்தியபடி ஒன்றும் இழுபடவில்லை. இரண்டு மணிக்கே உடலைக் கொடுத்துவிட்டார்கள்.

பெண்கள் குளிப்பாட்டிக் கபனிட்டார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவைத் தூக்கினார்கள். கபுறுக்குள் இறங்க சரீப்பைத்தான் கூப்பிட்டார்கள். அவர் இறங்கித் தோள் பக்கம் வாங்கினார். முழங்கையில் மண் உரசியது. பாரம் இவ்வளவுதானா என்று நினைத்தார். பிறகு கபன் துணியின் கட்டை அவிழ்த்து முகத்தைக் கிப்லாப் பக்கம் திருப்பினார். மேலே ஏற யாரோ கை கொடுத்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. விசாரணையில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பர்வின் வீட்டுக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. சரீப் விறாந்தைக் கதிரையில் இருந்தார். வந்திருந்த பெண்கள் உள்ளறையில் ஓதிக்கொண்டிருந்தார்கள். மஃரிப் பாங்கு சொல்லி முடிந்தும் ஒருவரும் விளக்குப் போடவில்லை. அந்த வீட்டின் வயரிங் முழுவதும் சரீப் செய்தது. ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, மீற்றர் பிடித்து, இரண்டு தரம் சரி பார்த்தது.

றினோஸா குசினிக்குள் இருந்து வந்தாள். சீருடை மாற்றியிருந்தாள். விறாந்தைச் சுவிச்சுக்கு முன்னால் வந்து நின்று, கையை நீட்டி, பாதியில் நிறுத்தினாள். பிறகு மூலையில் சாத்தியிருந்த, வீடு கூட்டுகிற தும்புத்தடியை எடுத்து, தூர நின்றுகொண்டு, அதன் தடி நுனியால் சுவிச்சைத் தட்டினாள்.

விளக்கு எரிந்தது. அவள் தடியைத் திரும்ப மூலையில் சாத்தி வைத்துவிட்டு, உள்ளே ஓதுகிறவர்களோடு போய் இருந்தாள்.