தளபாடங்களுடன் மேல்வீடு

மேல்வீட்டைக் கட்டி முடித்ததும் அருளம்பலம் இரண்டு வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆனார். அவருடைய மனைவி கமலேஸ்வரிக்கு இருந்த வீடும் இல்லாமல் போயிற்று.

மனிதர் முப்பத்திரண்டு வருடம் காணிக் கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் கீர்த்தனிக்குச் சீதனம் கொடுக்கத்தான் உட்துறைமுக வீதியில் இருந்த தன் வீட்டின் மேல் இன்னொரு வீட்டை எழுப்பினார். வீடு எழும்பிவிட்டது, கலியாணந்தான் எழும்பவில்லை. கீர்த்தனிக்கு முப்பத்தொரு வயது. மூன்று சம்பந்தங்கள் பேச்சோடு போய்விட்டன. அதுவரைக்கும் வீடு ஏன் சும்மா கிடக்கவேண்டும் என்று வாடகைக்கு விட முடிவெடுத்தார்.

வீட்டுத் தரகர் றுவைஸ் வந்து மேலே ஏறிப் பார்த்தார். பல்கனியில் நின்று துறைமுகத்துக் கப்பல்களையும் பார்த்தார்.

"வெறும் வீட்டுக்கு நல்ல ஆள் கிடைக்கிறது கஷ்டம் ஐயா. சீனன்குடாவுக்கு வேலைக்கு வாற பெரிய ஆக்கள் ஒரு பெட்டியோடதான் வருவாங்க. கட்டில், அலுமாரி, செற்றி எல்லாம் போட்டு வைங்க, ஒரு கிழமையில ஆள் கொண்டு வாறன்."

போட்டு வைக்கலாம். யாருடைய கட்டிலை? அருளம்பலம் இரண்டு தளபாடக் கடைகளுக்குப் போய், தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, வெறுங்கையோடு திரும்பி வந்தார். "எல்லாம் அமுக்கின மரத்தூள், கமலம். தண்ணி பட்டால் பிட்டு மாதிரி உதிரும். என்ர மேல்வீட்டுக்கு முதிரை மரந்தான் வேணும்" என்றார். முதிரை மரத்தில் செய்த சாமான் அவர் கைக்கெட்டிய தூரத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. அது கீழ்வீடு.

முதலில் கட்டில் போனது. "கொஞ்ச நாளைக்குத்தான். ஆள் வந்ததும் எங்களுக்குப் புதுசு வாங்குவம்" என்றார். காணிக் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் இருந்த ஒருவரின் 'கொஞ்ச நாள்' எவ்வளவு என்று திருகோணமலையில் காணிப் பிணக்கு உள்ள யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கட்டிலுக்குத் துணையாகக் கண்ணாடி அலுமாரி போனது. அது கமலேஸ்வரி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தது. பிறகு சாப்பாட்டு மேசை, செற்றி, பிரிட்ஜ், காஸ் அடுப்பு. கடைசியாக, தங்கக் கரை போட்ட தேத்தண்ணிக் கோப்பைகளையும் அருளம்பலம் தன் கையாலேயே மேலே கொண்டுபோனார். கீழே மிஞ்சியது நாலு பிளாஸ்ரிக் கதிரைகளும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பும் பாய்களுந்தான். கமலேஸ்வரி காலையில் சுவரைப் பிடித்துப் பிடித்து எழும்பும்போது புருசனை மனதுக்குள் திட்டினாள். வாய்விட்டும் திட்டினாள். அவருக்குக் கேட்கவில்லை. அவர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருந்தார்.

நாலு பக்க ஒப்பந்தம். சட்டத்தரணி எழுதினால்கூட அவ்வளவு இறுக்கமாக வந்திராது. அதிலும் ஏழாம் பந்தி அவருக்குச் செல்லப் பந்தி. 'மேற்படி வீட்டின் குசினியிலுள்ள அடுப்பு, பாத்திரம், கோப்பை முதலிய எப்பொருளையும் வாடகைக்கு இருப்பவரைத் தவிர வேறெவரும் கையாளலாகாது.' அதை வாசித்துக் காட்டும்போது அவர் குரலே மாறும்.

றுவைஸ் சொன்னபடியே ஆள் வந்தது, ஒரு பெட்டியோடு. நிரோஜினி, மட்டக்களப்புப் பிள்ளை, சீனன்குடாவில் ஒரு கம்பனியில் எஞ்சினியர். நாலு பக்கத்தையும் ஒரு எழுத்து விடாமல் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். தான் எழுதியதை ஒருவர் முழுதாக வாசித்ததை அருளம்பலம் வாழ்நாளில் அன்றுதான் கண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அமைதியான பிள்ளை, சுத்தமான பிள்ளை, சத்தம் சந்தடி இல்லை. குறை சொல்ல ஒன்றும் இல்லாததுதான் கமலேஸ்வரிக்குப் பெரிய குறை.

இரண்டு மாதம் கழித்துக் கலியாணத் தரகர் பூரணி போன் எடுத்தாள். வவுனியா மாப்பிள்ளை, பெயர் சுகிர்தன், வங்கியில் வேலை, சாதகம் நல்ல பொருத்தம், சனிக்கிழமை பொம்பிளை பார்க்க வருகிறார்கள். முன்பு யார் வருகிறார்கள் என்றாலும் கீர்த்தனி "வரட்டும்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். இந்த முறை பூரணி அனுப்பிய மாப்பிள்ளையின் படத்தைப் பார்த்துவிட்டு, "எத்தனை மணிக்கு அம்மா வருவினம்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் கமலேஸ்வரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இது மட்டும் குழம்பிப் போகக்கூடாது என்று கோணேசருக்கு நேர்த்தி வைத்தாள்.

நேர்த்தி வைத்துவிட்டுத் திரும்பினால் நாலு பிளாஸ்ரிக் கதிரை. அதில் ஒன்றுக்குக் கால் வெடிப்பு.

"இஞ்சாருங்கோ, வாற ஆக்களை எங்க இருத்துறது? உங்கட அக்ரிமென்றுக்கு மேலயோ?"

அருளம்பலம் யோசித்தார். யோசித்தால் அவருக்கு வழி பிறக்கும், அதுதான் ஆபத்து. "மேல கூட்டிக்கொண்டு போவம். சீதன வீட்டையும் காட்டினமாதிரி இருக்கும். ரெண்டு மணித்தியாலத்துக்கு அந்தப் பிள்ளையைக் கேப்பம்" என்றார்.

நிரோஜினி முழுமனதோடு சம்மதித்தாள். வீட்டைக் கூட்டித் துடைத்து, மேசையில் பூவும் வைத்தாள்.

மாப்பிள்ளையும் தாயும் பூரணியும் கோணேசரைக் கும்பிட்டுவிட்டு, திருநீறு கலையாமல் வந்து நேரே மேலே ஏறினார்கள். தாய்க்காரி செற்றியின் கையைத் தடவிப் பார்த்தாள். அலுமாரியைச் சுற்றிப் பார்த்தாள். "நல்ல முதிரை" என்றாள். வாயெல்லாம் பல். அருளம்பலம் கமலேஸ்வரியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். கீர்த்தனி அறைக்குள் புதுச் சேலையோடு காத்திருந்தாள்.

கமலேஸ்வரி தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போனாள். வாசலில் நிரோஜினி நின்றாள்.

"அன்ரி, குறை நினைக்காதேங்கோ. ஏழாம் பந்தியில இருக்கு, இதுகளை நான் மட்டுந்தான் தொடலாமாம். அங்கிள் எனக்கு ரெண்டு தரம் வாசிச்சுக் காட்டினவர். ஒரு கோப்பை உடைஞ்சாலும் பிறகு மனக்கசப்புத்தானே. நீங்கள் போய் இருங்கோ, நான் ஊத்துறன்."

பகிடிக்குச் சொல்லவில்லை. எழுதியிருந்தால் எழுதியபடி நடக்கிற பிள்ளை அவள். ஒரு கோப்பை பிசகாமல் தேத்தண்ணி ஊற்றித் தட்டில் அடுக்கினாள். "அப்ப தட்டையாவது தா பிள்ளை, கீர்த்தனி கொண்டு வரட்டும்" என்று கமலேஸ்வரி கை நீட்டினாள்.

"தட்டும் குசினிச் சாமான்தானே அன்ரி" என்றாள் நிரோஜினி.

புருசனைக் கூப்பிடலாம் என்று கமலேஸ்வரி வாயைத் திறக்க, "எங்க தேத்தண்ணி?" என்று ஹோலில் இருந்து அவரே குரல் கொடுத்தார். நிரோஜினி தட்டோடு போனாள்.

பொம்பிளை பார்க்கிற வீட்டில் தேத்தண்ணித் தட்டோடு வருகிற பெண்தான் பொம்பிளை. அதற்கு ஒப்பந்தமும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். தாய்க்காரி கோப்பையை எடுத்துக்கொண்டு நிரோஜினியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினாள். என்ன வேலை என்று கேட்டாள். "எஞ்சினியர்" என்றதும் மாப்பிள்ளை முதல்முறையாகத் தலை நிமிர்ந்தான். பூரணியின் முகம் வெளிறியது. கமலேஸ்வரி அறைக்குள் ஓடி மகளை இழுக்காத குறையாக அழைத்துவந்தாள்.

"இதுதான் எங்கட மகள்."

"அப்ப இந்தப் பிள்ளை?"

"வாடகைக்கு இருக்கிற பிள்ளை" என்றார் அருளம்பலம். அதைச் சொல்லும்போதுகூட அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

தாய்க்காரியின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது, உள்ளே ஒன்றும் இல்லை. கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் கீர்த்தனி வெறுங்கையோடு நின்றாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாலு நாள் கழித்துப் பூரணி போன் எடுத்தாள். அருளம்பலம் எப்போதும்போல எல்லாருக்கும் கேட்கப் போட்டுவிட்டார்.

"அண்ணை, அவையளுக்கு வீடு நல்லாப் பிடிச்சிட்டுதாம். தளபாடமும் பிடிச்சிட்டுதாம்." பூரணி இருமினாள். "கோவிக்காதேங்கோ. அந்த மேல்வீட்டுப் பிள்ளையின்ர சாதகம் எடுக்கலாமோ எண்டு கேக்கினம்."

கமலேஸ்வரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அருளம்பலம் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "அது எப்பிடி ஏலும்? அக்ரிமென்ற் முடிய இன்னும் பத்து மாசம் இருக்கே!" என்றார்.

கீர்த்தனி வந்து போனை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"பூரணியக்கா, அந்தப் பிள்ளை வாடகைக்கு இருக்கிறவ. வீடு என்ர. தளபாடம் அம்மான்ர. அவையளுக்கு அவ்வளவு பிடிச்சிருந்தால் பத்து மாசம் கழிச்சு வரச் சொல்லுங்கோ, வாடகைக்குத் தாறம். அப்பா நல்ல அக்ரிமென்ற் எழுதுவார்."

போனை வைத்தாள். கமலேஸ்வரிக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. நாலு நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அக்ரிமென்றைப் பாராட்டியதாக நினைத்து அருளம்பலமும் சிரித்தார். கீர்த்தனி சிரிக்கவில்லை என்பதைக் கமலேஸ்வரி கொஞ்சம் பிந்தித்தான் கவனித்தாள்.

"உனக்கு அந்தப் பெடியனைப் பிடிச்சிருந்ததோ, பிள்ளை?"

"ஓம் அம்மா" என்றாள் கீர்த்தனி. "படத்திலயே பிடிச்சிருந்தது."