மூன்றாவது முயற்சிக்குப் பிறகு

சுவிட்சர்லாந்தின் வில் நகரத் தொழிற்சாலையில், கணக்குப்படி பதினொரு பெட்டிகளைக் காணவில்லை. அனுப்பும் பெட்டிகளைக் கணினியில் பதிபவள் தில்லைநாயகி. வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் வராவிட்டால் அவளுக்கு வேலை இல்லை என்றார் மைஸ்டர் எனப்படும் மேற்பார்வையாளர். அவளுடைய அகதி மனு இன்னும் முடிவாகவில்லை.

“உங்கள் ஆள்தானே, கவனித்துப் பாருங்கள்” என்று குலேந்திரனை அனுப்பினார். கணினிப் பிரிவில் அவன் ஒருவன்தான் தமிழன்.

அவனுக்கும் சந்தேகம்தான். அவளுடைய தங்கை புருஷன் போன மாதம் கார் வாங்கியிருந்தான். அனுப்பிய பெட்டிகளை எழுதிவைத்ததாக அவள் காட்டிய கொப்பியில் எல்லா இலக்கங்களும், ஒரே நாளில் எழுதியதுபோல், ஒரே மையில் இருந்தன.

“என்ன தம்பி, பெட்டியைச் சீலைக்குள்ள ஒளிக்கிறனோ எண்டு பாக்க வந்தனீரோ?”

“சும்மா வந்தனான், அக்கா.”

“சும்மா வாற ஆள் பேப்பரும் பேனையுமாவோ?”

அவள் பன்னிரண்டு பெட்டிகளைப் பதிந்தாள். ஒவ்வொன்றுக்கும் திரை ஜெர்மனில் ‘குட்’, சரி, என்றது. அவனும் குறித்துக்கொண்டான். தன் மேசைக்குத் திரும்பி மையக் கணினியில் பார்த்தான். பதினொன்றுதான் வந்திருந்தது.

ஏழாவது இல்லை. அதைப் பதிந்தபோது தலைக்கு மேலே பாரந்தூக்கி ஓடியது நினைவுக்கு வந்தது; அதன் மோட்டார் கம்பியில் போகும் செய்தியைக் குழப்பியிருக்கும்.

நெட்வொர்க் அட்டையை இயக்கும் டிரைவர் நிரலைத் திறந்தான். அனுப்பியது போய்ச் சேராவிட்டால் மீண்டும் அனுப்பு. மூன்று முறை. அதற்குப் பிறகும் சேராவிட்டால், பூச்சியம். பூச்சியம் என்றால் ‘குட்’.

நிரலின் தலைப்பில் அவனுடைய பெயர். மார்ச் 1987. அவன் தகுதிகாண் காலத்தில் இருந்த மாதம். திரைகளில் பிழைச் செய்தி வரும்போதெல்லாம் முகாமையாளர் வந்து அவன் முதுகுக்குப் பின்னால் நிற்பார். இப்போதைக்கு என்றுதான் பூச்சியம் போட்டான். செய்திகள் நின்றன. வேலை நிரந்தரமானது.

திருத்த ஒரு வரி போதும். யாருக்கும் தெரியாமல் திருத்திவிட்டு, கம்பி பழுது என்று சொல்லிவிடலாம். ஆனால் பழுதென்றால் திரை ஏன் ‘குட்’ என்றது? ‘குட்’ வந்தது என்று அவள் புளுகுகிறாள் என்றுதான் மைஸ்டர் முடிவெடுப்பார்.

பூச்சியத்தை எடுத்துவிட்டுப் பிழை எண்ணைப் போட்டான். மைஸ்டரை அழைத்துக்கொண்டு போனான். பாரந்தூக்கியை ஓடவிட்டார்கள். தில்லைநாயகி பதிந்தாள். முதன்முறையாகத் திரை பிழை என்றது.

“அப்ப இவ்வளவு நாளும் குட் எண்டு பொய் சொன்னது ஆர்?” என்றாள்.

மைஸ்டர் அவன் பக்கம் திரும்பினார். “என்ன கேட்கிறாள்?”

குலேந்திரன் அவள் கேட்டதை ஜெர்மனில் சொன்னான். பிறகு, “நான்” என்றான்.

தில்லைநாயகி அந்தப் பெட்டியை மறுபடி பதிந்தாள்.