குதிரைமேல் இருந்து பேசியவள்

காலையில் முதலில் வெந்நீர் வைப்பேன். கை கழுவிவிட்டு என் மனைவி மொலியேஹிக்குச் சிறுநீர்க்குழாய் போட்டு எடுப்பேன். அவளைப் புரட்டி, இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பேன். கால்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுவேன். புளித்த சோளக்கூழைச் சூடாக்கி அதில் கஞ்சா எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். போதும் என்று அவள்தான் சொல்வாள். அவள் குடித்த பிறகு காத்திருப்போம். கால்கள் அடங்கியதும் அவளைச் சக்கர நாற்காலிக்குத் தூக்கி வைத்துவிட்டு, குடிநீர் அலுவலகத்துக்குக் கிளம்புவேன்.

மலைப்பாதையில் மினிபஸ் உருண்டதில் அவளுடைய முதுகெலும்பு உடைந்தது. நாங்கள் கல்யாணம் செய்துகொண்ட மறு வருடம் அது. மார்புக்குக் கீழே அவளுக்கு உணர்ச்சி இல்லை. உணர்ச்சி இல்லாத கால்கள் சும்மா கிடக்கும் என்று நினைத்திருந்தேன். அவை கிடக்கவில்லை. தாமாகவே இழுத்தன, உதைத்தன. இரண்டு முறை அவளை நாற்காலியிலிருந்து கீழே தள்ளின. மருத்துவமனை மாத்திரை கொடுத்தது. அதைச் சாப்பிட்டால் நாள் முழுக்கத் தூங்கினாள். பல மாதங்கள் அந்த மாத்திரையும் வரவில்லை.

எண்ணெயைக் கொண்டுவந்தவன் அவள் அண்ணன் செகாகே. மேலே மலையில் தங்கள் ஊரில் விளைந்த கஞ்சாவைச் சூரியகாந்தி எண்ணெயில் காய்ச்சி, இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றி எடுத்துவந்தான்.

"இழுக்கறதுக்கு இல்ல மச்சான், குடிக்கறதுக்கு" என்றான் என்னிடம். "நீ தொட்டா ஆபீஸ்ல மேஜைமேல ஏறி ஆடுவ."

கால்கள் அடங்கின. அவள் தூங்காமல் இருந்தாள். அதுதான் பெரிய விஷயம்.

அந்தக் குளிர்காலத்தில் செகாகே ஒரு செய்தியோடு வந்தான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று பிளாஸ்டிக் கூடாரம் போட்டுக் கஞ்சா வளர்த்து மருந்துக்கு ஏற்றுமதி செய்ய நிலம் கேட்கிறது. உழாமல் கிடக்கும் வயல்களை எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று பேச ஊர்த்தலைவி சபை கூட்டுகிறார். மொலியேஹியின் வயல் விபத்துக்குப் பிறகு தரிசாகத்தான் கிடந்தது. அவள் அப்பா, தலைவியின் முன்னால் வைத்து அவளுக்கென்று கொடுத்த வயல். பக்கத்து வயல்காரன் ராலெபா அதைக் கம்பெனிக்குச் சேர்த்துவிட அலைந்துகொண்டிருந்தான்.

"நான் போய்ப் பேசறேன்" என்றேன்.

"வயல் உனக்கா குடுத்தாங்க?" என்றாள் மொலியேஹி. "குடுத்தவங்க கேப்பாங்க, வாங்கினவ எங்கன்னு. என் வாயால சொன்னாத்தான் நிக்கும்."

"ஆத்தோட ரோடு முடிஞ்சிடுது. அதுக்கு மேல குதிரைதான்."

"குதிரைல போறேன்."

செகாகே சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் அவன் தன் பழுப்புக் குதிரையைக் கொண்டுவந்தான். நாங்கள் அவளைத் தூக்கி உட்கார வைத்தோம். செகாகே பின்னால் ஏறி அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டான். கால்கள் தொங்கியதும் இழுப்பு வந்தது. இரண்டு குதிகால்களும் குதிரையின் விலாவில் ஓங்கி உதைத்தன. குதிரைக்கு அது ஓடு என்ற கட்டளை. இருவரையும் சுமந்துகொண்டு பாய்ந்து, கோழித்தீவனக் கடை வாசலில் போய்த்தான் நின்றது.

"அண்ணா, குதிரைக்கு என்ன வேணும்னு கேளு" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "கடைக்கு வந்தாச்சில்ல."

அதற்குப் பிறகு எங்கள் கொல்லையில் குதிரைக்குப் பதிலாக ஒரு தண்ணீர் டிரம்மைப் படுக்க வைக்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவளை அதன்மேல் உட்கார வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். கால்கள் இரு பக்கமும் தொங்கும். எண்ணெயைக் கொஞ்சம் கூட்டுவாள். காத்திருப்பாள். எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது, எப்போது தலை கனக்கிறது, எப்போது நாக்கு குழறுகிறது என்று தன்னையே கவனிப்பாள். குழறினால் அடுத்த வாரம் குறைப்பாள். டாக்டரிடமும் போய் அப்படியே சொன்னாள். அவர் ரத்த அழுத்தம் பார்த்தார், சிறுநீரகத்துக்குச் சோதனை எழுதினார். "இவ்வளவு கவனமா யாரும் எனக்குச் சொன்னதில்ல" என்றார்.

எங்கள் பக்கம் குளிர்காலம் முடியும் ஆகஸ்டில் சபை. நானும் நடந்தே கூடப் போனேன். சேணத்தின்மேல் ஆட்டுத்தோலை விரித்திருந்தாள். புண் வராமல் இருக்க, பின்னால் ஏறியிருந்த செகாகே அவ்வப்போது அவளைத் தூக்கிப் பிடித்தான். கால்கள் துணிபோலத் தொங்கின. குதிரை நிதானமாக நடந்தது. ஆற்றைத் தாண்டியதும் பனிக்காற்று. செகாகே தன் கம்பளியைக் கழற்றி அவள் தொடைகளைச் சுற்றிப் போர்த்தி, பெரிய ஊக்கால் குத்தினான். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் கம்பளியைக் குத்துவார்கள்.

சபை தலைவியின் வீட்டு முன்னால். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். குதிரை உள்ளே வந்ததும் முணுமுணுப்பு. தலைவி முன்னால் யாரும் குதிரைமேல் இருப்பதில்லை.

"இறங்குங்க ரெண்டு பேரும்" என்றான் ராலெபா. "கல்யாண ஊர்வலமா?"

மொலியேஹி தலைவியைப் பார்த்தாள். "தலைவியம்மா, சபைல நின்னு பேசணும்னு வழக்கம். எனக்கு நிக்க வராது. இறங்கினா உக்காரணும், அது ஒரு மரியாதைக்குறைவு. குதிரைமேல இருந்தா இன்னொரு மரியாதைக்குறைவு. ரெண்டுல எது உங்களுக்குக் கொஞ்சம் பரவாயில்லன்னு சொல்லுங்க."

பெண்கள் பக்கம் சிரிப்பு. தலைவியும் சிரித்தார். "குதிரையாச்சும் நிக்குதே. பேசும்மா."

ராலெபா விடவில்லை. "வயல் தரிசா கிடக்கு. கம்பெனிக்குக் குடுத்தா ஊர்ப்பிள்ளைங்களுக்கு வேலை. இவ என்ன பண்ணப்போறா? சக்கர நாற்காலில உழுவாளா?"

"அண்ணன் உழுவான். மக்காச்சோளத்துக்கு நடுவுல கஞ்சா போடுவேன்" என்றாள். "கம்பெனி வளக்கறது ப்ளேன் ஏறிப் போயிடும். கீழ ஆஸ்பத்திரில என்ன மாதிரி முதுகு உடைஞ்சவங்க படுத்திருக்காங்க. சுரங்கத்துல விழுந்தவங்க, மரத்துலருந்து விழுந்தவங்க. காலு உதைக்கறதுல தூக்கமே இல்லாதவங்க. அவங்களுக்கு எண்ணெய் காய்ச்சித் தருவேன். என் காலைப் பாருங்க. முந்தி இதே குதிரை என்னைக் கோழித்தீவனக் கடைக்குத் தூக்கிட்டுப் போச்சு."

"போலீஸ் வந்தா?" என்றார் தலைவி.

"இந்தப் பாதைல ஏறி வர்ற போலீஸ்காரருக்கும் முதுகு வலிக்கும். அவருக்கும் தரலாம்."

சிரிப்பு பெரிதாக எழுந்தது. அப்போதுதான் கவனித்தேன். அவள் முகம் சிவந்திருந்தது. அந்தக் குளிரில் நெற்றி முழுக்க வேர்வை. சேண முனையை இறுகப் பிடித்திருந்தாள்.

"பாத்தீங்களா, போதை ஏறுது!" என்றான் ராலெபா. "கஞ்சா குடிச்சிட்டுச் சபைக்கு வந்திருக்கா."

சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். அவள் மயங்கி விழுந்தால் வயல் போய்விடும். அது எனக்கும் தெரிந்தது, அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

"போதைன்னா இவ்வளவு தலை வலிக்காது ராலெபா, உனக்கே தெரியும்" என்றாள். குரல் நடுங்கவில்லை. பிறகு குனிந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "மொஹாபி, மண்டை வெடிக்குது. கீழ ஏதோ என்னைக் கடிக்குது போல. தேடு. சீக்கிரம்."

உணர்ச்சி இல்லாத இடத்தில் காயமோ அடைப்போ இருந்தால் அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறி இப்படித் தலை வலிக்கும், முகம் சிவக்கும். கவனிக்காவிட்டால் உயிர் போகும். பாதத்தைத் தடவினேன், முழங்காலைத் தடவினேன். கம்பளியை விலக்கினேன். ஊக்கு திறந்துகொண்டு தொடைக்குள் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. உருவினேன். ரத்தம் வந்தது.

அவள் கையை நீட்டினாள். ஊக்கைக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் மூச்சு விட்டாள். முகத்திலிருந்து சிவப்பு மெல்ல இறங்கியது. பிறகு ஊக்கை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தாள்.

"ஆத்துலருந்து இது எனக்குள்ள இருந்திருக்கு. எனக்கு வலி தெரியாது. ஆனா காலு சும்மா இருக்காது, உதைச்சு சொல்லியிருக்கும். இன்னைக்குக் குதிரைக்காக எண்ணெயைக் கூட்டிக் குடிச்சேன். அது காலோட வாயையும் சேத்து மூடிடுச்சு. தப்புக் கணக்கு, என்னுதுதான். இனிமே கொஞ்சம் உதை மிச்சம் வச்சுத்தான் குடிப்பேன், கீழ படுத்திருக்கவங்களுக்கும் அப்படித்தான் சொல்லித் தருவேன். கம்பெனி பாட்டில்ல இதை எழுதி ஒட்டுவாங்களா, தெரியாது."

செகாகே பின்னாலிருந்து சொன்னான். "ஊக்கு குத்தினவன் நான், தலைவியம்மா. வயலைப் பிடுங்கறதா இருந்தா என்னுதைப் பிடுங்குங்க."

"உன்னுதுல கல்லுதான் விளையுது, யாருக்கு வேணும்?" என்றார் தலைவி. பிறகு மொலியேஹி பக்கம் திரும்பினார். "வயல் அவளுது. இந்த மழைக்கு உழணும். உழலன்னா அடுத்த வருஷம் மறுபடி குதிரைல வரணும்."

"நடந்து வரச் சொல்லலியே, அதுவே போதும்" என்றாள் மொலியேஹி.

பெண்கள் எழுந்து வந்து குதிரையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி காயத்தைக் கழுவிக் கட்டினாள். இன்னொருத்தி அவளுக்குக் கூழ் கொண்டுவந்தாள். நான் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபரில் விதைத்தார்கள். அவள் வயல் ஓரத்தில் ஆட்டுத்தோல்மேல் உட்கார்ந்து, இடைவெளி விடு, ஆழமாகப் போடாதே என்று அண்ணனை விரட்டினாள். தினமும் எண்ணெயைக் குறைவாகவே குடித்தாள். பாதங்கள் போர்வைக்குள் லேசாகத் துள்ளும். "இருக்கட்டும், காவல் நாய்" என்பாள்.

பிப்ரவரியில் சிறுநீரகத்தில் நோய் பிடித்தது. சிறுநீர்க்குழாயால் அவளுக்கு அவ்வப்போது வரும் பழைய தொற்றுதான். இந்த முறை மருந்துக்கு அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவளுக்கு எதிர்க்கட்டிலில் சுரங்கத்தில் முதுகு உடைந்த ஒருவர் படுத்திருந்தார். காய்ச்சலோடு, அறுவடை ஆனதும் எத்தனை சொட்டில் தொடங்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அது கஞ்சாச் செடிகள் பூக்கத் தொடங்கும் மாதம். ஆண் செடிகளை அதற்குள் பிடுங்கிவிட வேண்டும். விட்டால் மகரந்தம் பட்டுப் பெண் செடிகளெல்லாம் விதை பிடித்துவிடும், எண்ணெய்க்கு ஆகாது. போய்ப் பிடுங்கிவிட்டு வா என்று என்னை அனுப்பினாள். போனேன். செகாகேயும் நானும் வரிசை வரிசையாகப் பார்த்துப் பிடுங்கினோம். நேராக ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். என் கையில் பிசின் ஒட்டியிருந்தது. அவள் கண் திறந்து என் கையைப் பார்த்தாள்.

"எல்லாம் பிடுங்கியாச்சு" என்றேன்.

"மக்காச்சோளத்துக்குள்ள ஒண்ணாவது ஒளிஞ்சு நிக்கும்" என்றாள். "திரும்பப் போய்ப் பாரு."