மூன்றடி முன்னால்

ஓர் ஆணிகூட இல்லாமல் நீங்கள் வீடு கட்டியிருக்கிறீர்களா?

நாங்கள் கட்டினோம். பன்னிரண்டு பேருக்கு ஒரே கோடரி. இங்கிலாந்து ராஜாவோடு அமெரிக்காவில் நாங்கள் சண்டை தொடங்கி ஐந்தாவது குளிர்காலம் அது. நியூ ஜெர்சி மலைச்சரிவில் இடுப்பளவு பனி. செங்கல் வாங்கப் பட்டாளத்திடம் காசில்லை. காடுதான் சும்மா கிடந்தது. மரத்தை வெட்டி நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்று உத்தரவு. பதினாறடிக்குப் பதினான்கடி. எல்லாக் குடிசைகளும் ஒரே கோட்டில்.

கனெக்டிகட்டில் நான் மாட்டுத்தொழுவங்கள் கட்டியவன். அதனால் இடம் பார்த்தது நான்தான். எங்களுக்கு விட்ட இடத்தில் ஆளுயரப் பாறை ஒன்று இருந்தது. கோட்டின்படி கட்டினால் அது குடிசைக்குள்ளே வரும். மூன்றடி முன்னால் தள்ளினால் அதுவே அடுப்புக்குப் பின்சுவர். நான் தள்ளினேன்.

அந்தப் பாறை ஒருமுறை சூடேறினால் விடியும்வரை ஆறாது. எங்கள் பன்னிரண்டு பேரில் நுரையீரல் காய்ச்சலில் கிடந்த ஓபெட்டை அதன் பக்கத்தில் படுக்கவைத்தோம். நான்காம் நாள் அவன் எழுந்து உட்கார்ந்து, கல்லில் சுட்ட மாவு ரொட்டியில் பாதி தின்றான்.

"இது ரொட்டியா, கூரை ஓடாடா?" என்றான். பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தேன்.

அன்று மத்தியானம் லெப்டினன்ட் ஹோல்கம் அளவுக் கயிற்றோடு வந்தார்.

"யார்டா இத வெளிய நீட்டிக் கட்டினது?"

"நான்தாங்க ஐயா. பாறை இருந்துச்சு."

"பாறைய உடைக்கிறது. இல்லன்னா அது மேலயே படுக்கிறது. பிரிச்சுக் கோட்டுல கட்டு."

"உள்ள ஒருத்தன் காய்ச்சல்ல கெடக்கறான் ஐயா. ஒரு வாரம் குடுங்க. நானே பிரிச்சுடறேன். களிமண்ணெல்லாம் உறைஞ்சு கெடக்கு, இப்பப் பிரிச்சா திரும்பப் பூச முடியாதுங்க."

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "மாட்டிறைச்சி வண்டி வந்திருக்கு. கோடு நேராகற வரைக்கும் இந்தக் கம்பெனிக்குக் கெடையாது."

மூன்று நாளாக எங்கள் படைப்பிரிவில் யாரும் இறைச்சியைக் கண்ணால் பார்க்கவில்லை. அவர் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பக்கத்துக் குடிசைக்காரன் சைலஸ் கடப்பாரையோடு வந்து நின்றான். பின்னால் இருபது பேர். சைலஸின் கூரைக்கு முதுகு கொடுத்து உத்தரம் தூக்கியவன் நான்.

"தள்ளு அண்ணே."

"உள்ள ஓபெட் இருக்கான்டா."

"தெரியும். எங்க வயித்துலயும் ஒண்ணும் இல்ல, அது ஒனக்குத் தெரியுமா?"

"அப்ப அவன உன் குடிசையில வச்சுக்க."

சைலஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அங்க பன்னெண்டு பேர் இருக்கோம். எல்லாருக்கும் ஒட்டிக்கிட்டா யார் பாக்கறது?"

"உன் தம்பியா இருந்தா?"

"என் தம்பி போன வருஷமே போய்ட்டான். அவனுக்குக் கூரையே இல்ல."

வாசலை மறித்து நின்றேன். இரண்டு பேர் என்னை அலாக்காகத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். அடிக்கவில்லை. என் குடிசையைச் சேர்ந்தவர்களிலேயே நான்கு பேர் அவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டார்கள். அதை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை.

கூரைப் பலகைகள் சரிந்தன. ஓபெட்டைக் கம்பளியில் சுற்றி வெளியே கொண்டுவந்தோம். "என்ன, வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லிட்டானா?" என்று கேட்டான். குடிசை கட்டும்வரை நாங்கள் தங்கியிருந்த பழைய கூடாரத்தில் அவனைப் படுக்கவைத்தோம். அதன் துணியில் என் கை நுழையும் அளவு கிழிசல்.

இருட்டுவதற்குள் பாறையை உள்ளே விட்டு நான்கு சுவர்களை நிறுத்திவிட்டோம். இடுக்குகளில் பூச மண் இல்லை, பனியை அள்ளி அடைத்தோம். ஹோல்கம் கயிறு பிடித்துப் பார்த்து, நேராக இருக்கிறது என்றார். காலையில் இறைச்சி தருவதாகச் சொல்லிப் போனார். நான் கூடாரத்துக்குப் போய் ஓபெட்டின் கால்களை என் சட்டைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவை சூடாகவே இல்லை.

மறுநாள் காலை ஓபெட் செத்துப்போயிருந்தான். பத்து மணிக்கு இறைச்சி கொடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன்.